இருநூறு மீட்டரில் ஒதுங்குகிறவன்

காஷிஃப் சைக்கிள் பந்தயக்காரன் என்பது திருவல்லிக்கேணியில் பாதிப் பேருக்குத் தெரியும். அவன் ஏன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. தெருமுனை டீக்கடையில் ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். கால் நீளம் போதாது என்றார் ஒருவர். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினால் வேகம் வரும் என்றார் இன்னொருவர், கையில் சமோசாவோடு. பள்ளிவாசல் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் அவன் அப்பா மெஹபூப் பாஷா, யாராவது கேட்டால் அளவு நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, "ஓட்டிக்கினு கீறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஜெயிப்பது அவன் வேலையே இல்லை. இதைத் தெருவுக்குப் புரியவைக்க முயன்று அவன் எப்போதோ கைவிட்டுவிட்டான்.

அவன் ஓட்டுவது நாள்கணக்கில் நடக்கும் பந்தயங்களில். இன்றைக்கு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர், நாளைக்கு அங்கிருந்து வேறோர் ஊர். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யார் கணக்கு குறைவோ அவனுக்கு மஞ்சள் ஜெர்சி. அணிக்கு ஆறேழு பேர் இருந்தாலும் மஞ்சளுக்குப் போட்டி போடுகிறவன் ஒருவன்தான். மற்றவர்கள் அவனுக்கு உழைக்க வந்தவர்கள். சைக்கிளுக்கு எதிரி மேடு இல்லை, காற்று. முன்னால் ஒருவன் காற்றை வாங்கிக்கொண்டால் அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்கு வேலை பாதியாகிவிடும். காஷிஃபுக்கு அகலமான தோள். ஆகவே பதினோரு வருடமாக அவன் காற்று வாங்கினான். அவனுக்குப் பின்னால் சொகுசாக வந்தவன் சிந்தாதிரிப்பேட்டை கதிரேசன். அணியில் காஷிஃபுக்கு வைத்த பெயர் சுவரு.

சுவரின் கடைசி வேலை ஒவ்வொரு நாளும் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வரும். கடைசிக் கிலோமீட்டரில் உயிரைக் கொடுத்து மிதித்து, இருநூறு மீட்டர் பலகை கண்ணில் பட்டதும் வலது முழங்கையை ஒருமுறை வெளியே ஆட்டிவிட்டு இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். அந்த இடைவெளியில் கதிரேசன் பாய்வான். கூட்டம் கத்தும். காஷிஃபின் மூச்சு அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். நாற்பதாவதாகவோ ஐம்பதாவதாகவோ உருண்டு வந்து சேரும்போது கேமராக்காரர்கள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவன் மகள் உம்மே ஹானி ஒருமுறை போனில் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ எப்பவும் ஏன் வழி வுட்டுடறே?" என்று கேட்டாள். வேலையே அதுதான் என்றான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளுக்குள் அவனுக்கும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நாள், வீட்டார் கண்ணெதிரில், கோட்டை முதலில் தாண்ட வேண்டும் என்று ஆசைதான். அதைக் கதிரேசனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஜனவரியில் நடந்த பந்தயத்தின் கடைசி நாள் புதுச்சேரியில் தொடங்கி மெரினாவில், உழைப்பாளர் சிலை அருகே முடிந்தது. அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மனைவி ரூபீனா முதல்முறையாகப் பந்தயம் பார்க்க வந்தாள். மகளும் வந்தாள். மெஹபூப் பாஷா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குரிய வெள்ளை ஜிப்பாவில், பாதித் தெருவையும் கூட்டிக்கொண்டு வந்து தடுப்புக் கம்பியை ஒட்டி இடம்பிடித்திருந்தார்.

மஞ்சள் கதிரேசன் உடம்பில் இருந்தது. மொத்தக் கணக்கில் அரை நிமிடம் பின்னால் பெரம்பூர் சுரேஷ்குமார். இந்த இருவருக்கும் ஆகாது. மஞ்சள் போட்டவன் ஒன்றுக்குப் போக ஓரமாக நின்றால் யாரும் வேகம் கூட்டக் கூடாது என்பது இந்த உலகத்தில் எழுதாத சட்டம். நாலு வருடத்துக்கு முன் கதிரேசன் அப்படி ஒரு புளியமரத்தடியில் நின்றபோது சுரேஷ்குமார் பறந்துவிட்டான். அன்றைக்குப் போன மஞ்சளைக் கதிரேசன் இன்னும் மறக்கவில்லை. சுரேஷ்குமாரும் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மாமல்லபுரம் தாண்டியதும் சுரேஷ்குமார் எழுந்து நின்று மிதித்தான். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். காஷிஃப் அவன் பின்சக்கரத்தில் போய் ஒட்டிக்கொண்டான். கதிரேசனையும் மற்றவர்களையும் கூட்டத்தோடு பின்னால் விட்டு இருவரும் விலகிப் போனார்கள். காதில் மாட்டிய கருவியில் பயிற்சியாளர் சண்முகசுந்தரத்தின் குரல் வந்தது: "அவன விடாத. முன்னாடி மட்டும் போகாத. ஒரு மிதிகூட உதவி பண்ணாத."

வாடைக்காற்று கடல் பக்கமிருந்து மூஞ்சியில் அறைந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் காஷிஃப் இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தான். இவ்வளவு சுகமா இது என்று அவனுக்குக் கதிரேசன் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

கோவளம் தாண்டி சுரேஷ்குமார் திரும்பினான். "இன்னா நைனா, பஸ்ல வர மாரி வர்றே? நீயும் கொஞ்சம் இழு. எனக்கு மஞ்சள் போதும். கோடு உன்னுது. உங்க ஏரியா, உங்க ஜனம். நான் மெரினாவுல கைய எடுத்துடறேன்."

இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. இருவர் தனியாகப் போகும்போது நேரம் ஒருவனுக்கு, கோடு இன்னொருவனுக்கு என்று பேசிக்கொள்வது வழக்கம்தான். பேசினால் பேசியபடி நடப்பார்கள். சுரேஷ்குமாரும் நடந்திருப்பான். காஷிஃப் ஜிப்பா போட்ட அப்பாவை நினைத்துக்கொண்டான். மகளை நினைத்துக்கொண்டான். பிறகு, "கதிரு பின்னாடி வர்றான்ணா" என்று மட்டும் சொன்னான்.

"அவன் எப்பவும் உன் பின்னாடிதான் வருவான்" என்றான் சுரேஷ்குமார். தலையைக் குனிந்துகொண்டு தனியாளாக இழுத்தான். மனிதன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அந்த இழுப்பைக் குறை சொல்ல முடியாது.

அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது கணக்கு தெளிவாகிவிட்டது. பின்னால் கூட்டம் நெருங்கியிருந்தது. சுரேஷ்குமாருக்கு வேண்டிய அரை நிமிடம் இனி கிடைக்காது. ஆனால் முன்னால் இருக்கும் இருவரும் சேர்ந்து இழுத்தால் கூட்டத்திடம் பிடிபடாமல் மெரினா போய்விடலாம். காதில் சண்முகசுந்தரம் சொன்னார்: "மஞ்சள் பத்திரம். இனி நீ இழு காஷிஃப். இன்னைக்கு கோடு உன்னோடது. போய் எடுத்துக்கோ."

இப்படி ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து அவன் கேட்டதே இல்லை. முன்னால் வந்து காற்றை வாங்கினான். வழிநெடுக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டுக் கடைசியில் பாய்ந்தான் என்று யாரும் சொல்லக் கூடாது என்று தன் பங்குக்கு மேலேயே இழுத்தான். பட்டினப்பாக்கம் போயிற்று, சாந்தோம் போயிற்று. கலங்கரை விளக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்கு அடித்திருந்த தகரத் தடுப்பு கொஞ்ச தூரம் காற்றை மறைத்தது. அது முடிந்ததும் கடற்கரைச் சாலை நேராக விரிந்தது.

கடைசிக் கிலோமீட்டரில் காஷிஃப் எழுந்து நின்றான். சுரேஷ்குமாரின் கால்களில் ஒன்றும் மிச்சமில்லை. காஷிஃபின் பின்சக்கரத்தை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தானே தவிர, பக்கவாட்டில் வெளியே வந்து முந்துகிற தெம்பு கிடையாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ காஷிஃபின் பெயரைக் கத்தினார்கள். பதினோரு வருடத்தில் பந்தய ரோட்டில் அவன் பெயரை அவனே கேட்பது அதுதான் முதல்முறை. நிமிர்ந்து பார்த்தான். இருநூறு மீட்டர் பலகை தெரிந்தது.

வலது முழங்கை வெளியே ஒருமுறை ஆடியது. சைக்கிள் இடப்பக்கம் ஒதுங்கியது.

அவன் ஒதுக்கவில்லை. உடம்பு ஒதுங்கிக்கொண்டது. தோளுக்கு மேல் திரும்பி மஞ்சளைத் தேடினான். மஞ்சள் இல்லை. நீல ஜெர்சியில் சுரேஷ்குமார், தனக்கு ஏன் கதவு திறந்தது என்று புரியாத முகத்தோடு, திறந்த வழியில் புகுந்து போய்க்கொண்டிருந்தான். காஷிஃப் அலறிக்கொண்டு மறுபடி மிதித்தான். கோட்டில் அரைச் சக்கரம் குறைந்தது.

திருவல்லிக்கேணி முழுவதும் பார்த்தது. வழியை விட்டதை எல்லோரும் பார்த்தார்கள். "விலை பேசிட்டாம்பா" என்று யாரோ சொன்னது மெஹபூப் பாஷாவின் காதில் விழுந்தது. அவர் திரும்பி அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தார்.

காஷிஃப் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதான். ரூபீனா பக்கத்தில் குந்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். உம்மே ஹானி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றாள்.

சற்று நேரத்தில் கூட்டத்தோடு கதிரேசன் வந்து சேர்ந்தான். மஞ்சள் அவனுடையதாகிவிட்டது, மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நேராக இங்கே வந்தான்.

"இன்னா ஆச்சு மச்சி? கைல இருந்துச்சாமே."

"போர்டு பாத்தேன். ஒதுங்கிட்டேன்."

கதிரேசனுக்கு உடனே புரிந்தது. உலகத்தில் அது உடனே புரியக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். "நான் பின்னாடி இல்லயே நைனா" என்றான், மெதுவாக.

"கீறேன்னு நெனச்சிட்டேன்."

மேடையிலிருந்து மூன்றாவது முறையாகப் பெயரைக் கூப்பிட்டார்கள். கதிரேசன் போகவில்லை. அந்த வியர்வையோடு போய், தடுப்பின் அந்தப் பக்கம் நின்ற மெஹபூப் பாஷாவிடம், தெருக்காரர்கள் காது கேட்க, "பாய், அவன் விக்கல. பதினோரு வருஷமா எனக்கு வழி வுட்டு வுட்டு அவனுக்கு கை அப்படியே பழகிடுச்சி. தப்பு எம்மேல" என்றான். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் டீக்கடையில் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காஷிஃப் இன்னும் ஓட்டுகிறான், அதே அணியில், அதே வேலை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கடைசிக் கிலோமீட்டரில், பலகை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கதிரேசன் பின்னாலிருந்து "கீறேன்!" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் வந்தால் ஒதுங்கு, வராவிட்டால் நேராகப் போய்க்கொண்டே இரு என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். காஷிஃப் ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு மிதிக்கிறான். இதுவரை அந்தக் குரல் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.