வாயால் சொன்னால்தான் செல்லும்

பிசிறு அக்கா காலித் தட்டில் கரண்டியை உரசிக்கொண்டிருக்கிறார். நாலு உரசல், ஒரு தட்டல், கொஞ்சம் இடைவெளி. பிறகு தண்ணீர் குடிக்கிற சத்தம். அது மட்டும் நிஜம். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் கணவருக்கு, மனைவி சாப்பிடுகிறாள் என்று காதில் விழ வேண்டும். அக்காவின் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் கை எட்டும் தூரம். ஒரு நாள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார். அன்றிலிருந்து நானும் கூட்டுக் களவாணி.

தையல் ஆலையிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளில் தொங்கும் நூல் முனைகளை வெட்டுவது அவர் பிழைப்பு. அந்த முனைக்குப் பிசிறு என்று பெயர். தெரு அதையே அக்காவுக்கும் வைத்துவிட்டது. காலர், கைமடிப்பு, பட்டன் துளை எல்லாவற்றையும் விரல்களே பார்த்துக்கொள்ளும். வாய் தெருக்கதை பேசிக்கொண்டிருக்கும். பேச்சோடு பேச்சாக என் சட்டையையும் இழுத்து வெட்டிவிடுவார். "எவ தைச்சாளோ, கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சிருக்கா!"

கணவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். இரண்டு வருடங்களுக்கு முன் அடுக்கு சரிந்து இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அரசாங்கத்தின் உணவு உதவி அட்டையால்தான். மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய். அது நின்று மூன்று மாதமாகிறது. இப்போது இருக்கிற சோறு மூன்று வேளையும் கணவருக்கு. அக்காவுக்கு மதியம் ஒரு வேளை, அதுவும் மிஞ்சினால். நான் ஏதாவது நீட்டினால், "இப்பத்தான் ஆச்சு தம்பி" என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்.

அட்டை நின்றதற்குக் காரணம் அந்த "ஆச்சு"தான். வீட்டுக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, "என்னம்மா, சாப்பாடெல்லாம் ஆச்சா? மூணு வேளையும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அக்கா அதை நலம் விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டார். "ஆச்சு சார், உங்க புண்ணியத்துல ஒரு குறையுமில்ல. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றதோடு நிற்கவில்லை, டப்பாவில் மிச்சமிருந்த சர்க்கரையை வழித்துப் போட்டு டீயும் கொடுத்தார். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். உணவுப் பற்றாக்குறை இல்லை என்று பத்தே நாளில் கடிதம் வந்தது.

நான்தான் படித்துக் காட்டினேன். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. "வீட்டுக்கு வந்த மனுஷன் சாப்பிட்டியான்னு கேட்டா, இல்லைன்னா தம்பி சொல்லுவாங்க?" என்றார்.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். பத்து நாள் ஒத்திகையும் நடத்தினேன். "சாப்பிட்டாச்சா?" என்பேன். "ஆச்சு" என்பார். "அக்கா!" என்று கத்துவேன். "சனியன் பிடிச்ச வாய், பழகிப்போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். மறுவிசாரணைக்கு முந்தின நாள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஒரு வேளைதான் சாப்பிடுறேன்னு அவரு காதுல விழுந்துச்சுன்னா மறுவேளையிலேர்ந்து தட்டைத் தள்ளி வெச்சிடுவாரு, தம்பி. இப்பவே தண்டச்சோறுன்னு தன்னைத்தானே திட்டிக்கிறாரு. அவரு முன்னாடி நீ வாயைத் தொறந்தியோ, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே."

அட்டை கணவர் பேரில் இருப்பதால் இருவரும் சேர்ந்துதான் வர வேண்டுமாம். இரவல் சக்கர நாற்காலியில் அவரை வைத்து நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புது அதிகாரி. என் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"மனு யாரு வேணா எழுதலாம். வாயால சொன்னாத்தான் செல்லும். ஒரு நாளைக்கு எத்தனை வேளைம்மா சாப்பிடுறீங்க?"

கணவர் அக்கா பக்கம் திரும்பி, "உள்ளதைச் சொல்லு புள்ள. கவர்மெண்டுகிட்ட பொய் சொல்லக் கூடாது" என்றார். அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

"மூணு வேளை, சார்" என்றார் அக்கா.

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். அக்கா மடியிலிருந்த பையைத் தூக்கி, கணவர் பார்வைக்கு மறைப்பாக மேசைமேல் நிறுத்தினார். அதன் பின்னால் ஒற்றை விரலை அதிகாரி பக்கம் நீட்டினார். அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவரைக் கூப்பிடும் வரை அந்த விரல் நீட்டியபடியே இருந்தது.