சுகந்தன் வாசலுக்குப் போவதில்லை

இரண்டு வாரத்துக்கு முன்பு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு எதிராக இரண்டு நாள் முன்புதான் ஓர் அறிக்கை எழுதி அனுப்பியிருந்தேன். அவருக்கு அது தெரியும். தெரிந்தும், நான் ஏறுவதற்கு முன் முன்சீட்டில் கிடந்த பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, சீட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டார்.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கு வாய்த்திருக்கிறதா? வாய்க்கவே வேண்டாம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் ஒரு பார்சல் டெலிவரி நிலையத்தில் மேற்பார்வை வேலை. காலை ஆறு மணிக்குப் பதினான்கு வேன்களுக்குத் தெருக்களைப் பிரித்துக் கொடுப்பேன். பிறகு மாலை வரை ஒரு திரைக்கு முன்னால் தவம். கொடுக்கப்படும் ஒவ்வொரு பார்சலும் அந்தத் திரையில் ஒரு புள்ளி. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பச்சை, ஏதாவது கோளாறு என்றால் சிவப்பு. மொண்டெல்லோவில் கடலுக்குக் குளிக்க வந்த கூட்டத்துக்குள் ஒரு வேன் மாட்டிக்கொள்ளும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகக்காரர் பெட்டி நனைந்துவிட்டது என்று தொண்டை கிழியக் கத்துவார். எனக்கு இரண்டு காது போதாது.

இந்த வேலையில் அழகு என்று ஏதாவது உண்டா என்று ஒரு வாசகி சில வாரங்களுக்கு முன் எழுதிக் கேட்டிருந்தார். சிரித்துவிட்டு அந்த மெயிலை மூடிவிட்டேன். பார்சலில் என்ன அழகு?

சரி, சுகந்தனிடம் வருவோம்.

வயது முப்பத்தாறு. கிளிநொச்சி. பலெர்மோவுக்கு வந்து ஒன்பது வருடம், எங்கள் நிலையத்தில் இரண்டு வருடம். அதிகம் பேசாத மனிதர். அவருடைய வேலை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதே நேரம் அவருடைய பெர்மெஸ்ஸோவும், அதாவது இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியும், புதுப்பிக்க வேண்டிய கட்டத்தில் இருக்கிறது. குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், புதிய ஒப்பந்தத்தின் பிரதியைக் காட்ட வேண்டும். வேலை இல்லையென்றால் காகிதம் இல்லை. காகிதம் இல்லையென்றால் வேலையும் இல்லை. இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை... எல்லோரும் ஒரு முறையாவது அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

அப்படிப்பட்டவரின் புள்ளிகள் மூன்று மாதமாகச் சிவந்துகொண்டே இருந்தன.

எல்லாம் ஒரே இடத்தில். பழைய நகரத்தில் ஒரு சந்து. காலை பத்தரைக்குப் பிறகு அவருடைய வேன் அந்தச் சந்தின் முனையில் நிற்கும். பத்து நிமிடம், சில நாள் பதினைந்து. அதற்குள் ஐந்தாறு பார்சல்கள் ‘கொடுத்தாயிற்று’ என்று பதிவாகிவிடும். எங்கள் விதிப்படி வாடிக்கையாளரின் வாசலில் நின்றுதான் பார்சலை ஸ்கேன் செய்ய வேண்டும். இவருடையது எல்லாம் சந்துக்குள் ஒரே புள்ளியில். வாசல் பக்கம் கால் வைத்த அடையாளமே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் — தெரியும் என்று நினைத்தேன். சில ஓட்டுநர்கள் மூலைக்கடையில் பார்சல்களை இறக்கிவிட்டு, எல்லாம் கொடுத்தாயிற்று என்று பதிந்துவிட்டு, கோப்பி குடிப்பார்கள். இரண்டு பேரை நானே பிடித்திருக்கிறேன்.

போதாததற்குப் படங்கள். பார்சலைக் கொடுத்ததற்கு ஆதாரமாக ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கதவுக்கு முன்னால் பெட்டியை வைத்து எடுப்பார்கள். சுகந்தன் அனுப்புவது வானம். நீல வானம், கொஞ்சம் கொடியில் காயும் துணி, பாதி பால்கனி. மூன்று மாதமாக ஒருவர் எனக்கு ஆகாயத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் என் ரத்தம் கொதிக்காதா?

ஒருநாள் போனில் கேட்டேன்.

“நீர் வாசலுக்குப் போறனீரோ, இல்லையோ?”

“இல்லை அக்கா. படம் அனுப்பிறன்தானே.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டேன். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு?

மூன்று வரியில் அறிக்கை எழுதினேன். ஓட்டுநர் வாசலுக்குப் போவதில்லை. ஆதாரப் படங்கள் பயனற்றவை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது ஒரு சிசிலிக்காரர் என்றால் இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பேன். மொரீசியஸ்காரர் என்றாலும் கேட்டிருப்பேன். சுகந்தன் நம்ம ஆள் என்பதால்தான் கேட்கவில்லை. தமிழச்சி தமிழனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! நேர்மையாக இருக்கிறேன் என்று காட்டுவதற்கு நம்மவர்களிடம்தான் நாம் கூடுதல் கறாராக இருப்போம். நம்மவர் ஒருவருக்குக் கீழே வேலை செய்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

மிலானோவில் இருக்கும் எங்கள் மேலதிகாரி மறுநாளே பதில் போட்டிருந்தார். முடிவெடுப்பது வெள்ளிக்கிழமை. அதற்கு முன் நான் ஒரு நாள் அந்த வேனில் போய், கண்ணால் பார்த்ததை ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். சும்மா ஒரு சடங்கு. அப்படித்தான் புதன்கிழமை அந்தத் துடைத்த சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் நாங்கள் கதைத்தது வெயிலைப் பற்றி மட்டும்.

பத்தே முக்காலுக்கு அந்தச் சந்து வந்தது. வேன் முனையில் நின்றது. அதற்கு மேல் உள்ளே போக வழியே இல்லை. ஒரு காய்கறித் தள்ளுவண்டியும் இரண்டு ஸ்கூட்டரும் சேர்ந்தாலே சந்து நிறைந்துவிடும். சுகந்தன் ஆறு பார்சல்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு இருபது அடி நடந்து, சந்தின் நடுவில் நின்றார். எந்த மணியையும் அடிக்கவில்லை. எந்தக் கதவையும் தேடவில்லை. அண்ணாந்து பார்த்து, பார்சல் வந்திருக்கிறது என்று இத்தாலியனில் நீட்டி முழக்கி ஒரு குரல் கொடுத்தார். மீன் விற்பவர்கள் கூவுகிற அதே இழுவை. வாய் திறக்காத மனிதருக்கு இவ்வளவு பெரிய குரலா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு... கூடைகள் இறங்கத் தொடங்கின.

நான்காம் மாடியிலிருந்து ஒரு பிரம்புக் கூடை. எதிர்ப்பக்கம் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி. அதற்கு அடுத்து, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய இன்னொரு கூடை. ஆறு கயிறுகள், ஆறு வேகம். காயப்போட்ட வேட்டி அகலத் துணிகளுக்கு நடுவே, வெயிலில் ஆடி ஆடி, ஒன்றோடொன்று முட்டாமல் இறங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் பார்சலைப் பெறுவதற்கான எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். சுகந்தன் எண்ணைப் பார்த்து, ஸ்கேன் செய்து, பார்சலை வைத்து, கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிடுவார். கூடை மேலே ஏறும். ஏறும்போது போனை உயர்த்தி ஒரு படம் எடுப்பார்.

அவர் எடுத்தது வானத்தை அல்ல. வானத்தில் போய்க்கொண்டிருந்த பார்சலை.

அந்தக் கட்டிடங்களின் வாசல்கள் பின்பக்கத் தெருவில் இருக்கின்றன. அங்கே வேன் போகத் தடை. லிஃப்ட் கிடையாது. நான்கு மாடி ஏறி இறங்கினால் ஆறு பார்சலுக்கு ஒரு மணிநேரம் பிடிக்கும். இவர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அந்தச் சந்திலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. ஒரு பார்சல்கூடத் தொலையவில்லை. இவையும் என் திரையில்தான் இருந்தன. நான் சிவப்பை மட்டும் பார்த்தேன்.

அந்த நீல வாளி ஏறும்போது கீழே இரண்டாம் மாடித் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டது. மேலே இருந்த பெண் இழுக்கிறார், வரவில்லை. நான் என்னை அறியாமல் சந்துக்குள் ஓடிப்போய் அண்ணாந்து நின்றேன். கொஞ்சம் தளர்த்துங்கள், இடப்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டுங்கள், இப்போது இழுங்கள் என்று கத்தினேன். வாளி விடுபட்டுப் போனது. அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கையும் இல்லாத ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன.

வெட்கத்தைச் சொல்கிறேன். கூடை எனக்குப் புதிதல்ல. பலெர்மோவில் என் முதல் பதினொரு வருடம் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஓர் இத்தாலிய அம்மா, வீட்டில் வேலை. நான்காம் மாடி. லிஃப்ட் வருடத்தில் பாதி நாள் வேலை செய்யாது. பாண், பத்திரிகை, மருந்து எல்லாவற்றுக்கும் கூடையை இறக்கி ஏற்றியவள் நானேதான். முதல் வாரமே கயிற்றைக் கைவிட்டு நான்கு முட்டைக்குக் கொள்ளி வைத்தவளும் நான்தான். உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு இப்போதும் இருக்கிறது. அந்தக் கையாலேதான் ‘வாசலுக்குப் போவதில்லை’ என்று தட்டெழுதியிருக்கிறேன்.

ஆறு வருடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மனுசருக்கு இவ்வளவும் மறந்துபோகுமா? போகிறதே.

பிரம்புக் கூடை இரண்டாம் தரம் இறங்கியது. உள்ளே ஒரு சின்னக் குப்பியில் சூடாகக் கோப்பி. ஆக, கோப்பி குடிக்கிறார் என்ற என் சந்தேகத்தில் மட்டும் பிழையில்லை. சுகந்தன் மேலே பார்த்துக் கையைக் காட்ட, இன்னொரு வெறும் கப்பும் இறங்கி வந்தது. எனக்கு ஊற்றித் தந்தார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன் அக்கா. நீங்கள் இஞ்சை எத்தினை வருசம். வாசலுக்குப் போறனீரோ எண்டு கேட்டனீங்கள், நான் போறேல்லை. அதுதான் இல்லை எண்டனான்.”

பிழையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளும் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் குப்பியைத் திரும்பக் கூடையில் வைத்தார். கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“எங்கட ஆள் எண்டு நீங்கள் இன்னும் ஒருக்காக் கேட்டிருக்கலாம் அக்கா.”

கூடை மேலே போய்விட்டிருந்தது, எனக்குத் தந்த கப் இன்னும் என் கையிலேயே இருந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் அவருடைய படங்களைத் திறந்தேன். ‘ஆதாரம்’ என்று நான் பெயரிட்டு வைத்திருந்த கோப்புறை. ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும், வானத்துக்கும் பால்கனிக்கும் இடையில், ஒரு சின்னக் கூடை ஏறிக்கொண்டிருந்தது. மழை நாளில் மேலே பொலித்தீன் மூடிய கூடை. ஒரு படத்தில், கூடையைப் பிடிக்க நீளும் இரண்டு கைகள் மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். மொண்டெல்லோவில் ஒரு வேன் சிக்கிக்கொண்டு போன் அடித்தது. கொஞ்சநேரம் அடிக்கட்டும் என்று விட்டேன். கண் கலங்கியிருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அந்த வாசகிக்கு இப்போது பதில்: உண்டு அம்மா. தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைக் குற்றப்பத்திரிகையில் இணைத்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மிலானோவுக்குப் போன் செய்தேன். அறிக்கை பிழை, அதை எழுதிய நான் பிழை என்றேன். மேலதிகாரி கூடை இறக்கும் வழக்கம் அறியாத ஒரு வட இத்தாலியப் பெண்மணி. கூடை என்றால் எந்தக் கூடை என்று மூன்று தரம் கேட்டார். பன்னிரண்டு படங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு, விதியை மாற்ற முடியாது என்றார். அந்தச் சந்தில் புள்ளிகள் சிவக்கத்தான் செய்யுமாம். ஒவ்வொரு சிவப்பையும் நானே திறந்து, காரணம் எழுதி, என் பெயரைப் போட்டுச் சரி என்று கொடுக்க வேண்டும். ஏதாவது ஒன்று தொலைந்தால் கேள்வி என்னிடம்தான் வரும். சம்மதமா என்றார்.

யோசிக்காமல் சம்மதம் என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகச் சம்மதித்தது அது ஒன்றுதான். என் கணவர் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் வந்தது. திங்கட்கிழமை சுகந்தன் விடுப்பு எடுத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போய்ப் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டேன். ஓம் என்றார். நான்தான் அன்று நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டேன்.

இப்போது தினமும் பத்தே முக்காலுக்கு என் திரையில் ஐந்தாறு புள்ளிகள் சிவக்கின்றன. ஒவ்வொன்றையும் திறக்கிறேன். படத்தைப் பெருக்கிப் பார்க்கிறேன். காரணம் எழுதும் கட்டத்தில், ஒரு மனிதரின் சோற்றில் கை வைக்கப் பார்த்த அதே வரியைத்தான் திரும்ப எழுதுகிறேன், கீழே என் பெயரோடு.

ஓட்டுநர் வாசலுக்குப் போகவில்லை. கூடை இறங்கி வந்தது.