மெஹ்ரா வீட்டுச் சமையலறையில் ஒரு பலகை

இன்டீரியர் டிசைனர் வேலை என்பது, ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுத்துவிட்டு நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. டெல்லியில் வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்கி, சிமெண்ட் தூசிக்கு நடுவே பெயிண்டரிடம் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பிடிவாதக்காரி என்று ஒரு பெயர் உண்டு. கதையைக் கேட்டுவிட்டு நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு எலுமிச்சம்பழம்

தெற்கு டெல்லியில் மெஹ்ரா மேடம் வீட்டுச் சமையலறையை மாற்றித் தரும் வேலை எனக்கும் என் பார்ட்னர் கபிலுக்கும் கிடைத்தது. முதல் சந்திப்பிலேயே மேடம் தன் இன்ஸ்பிரேஷன் என்று போனை நீட்டினார். எல்லாம் வெளிநாட்டுச் சமையலறைகள். வெள்ளைச் சுவர், சாம்பல் கல், கைப்பிடி இல்லாத அலமாரி. சாப்பாட்டுச் சாமான் என்று பார்த்தால் தட்டில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு இந்த எலுமிச்சம்பழத்தைத்தான் காட்டுகிறார்கள்.

"பூரி பொரிப்பீர்களா மேடம்?" என்று கேட்டேன். வாரத்தில் பாதி நாள் என்றார். கடுகெண்ணெயா என்றேன். பின்னே வேறென்ன என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஹிந்தியில் சொன்னார்: "ஆனா, இங்கே சமையல் நடக்குதுன்னு பார்த்தா தெரியவே கூடாது."

வாளி

அளவெடுக்கப் போன அன்று டேப் விரலில் சுள்ளென்று அடித்து, நான் தமிழில் திட்டினேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அந்த வீட்டில் சமைக்கிற செல்வி, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானது. முன்பு பக்கத்திலேயே மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் வீடு, நடந்தே வேலைக்கு வந்துவிடுவாராம். கேம்ப்பை இடித்த பிறகு டெல்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வருகிறார், பெரும்பாலும் நின்றுகொண்டே.

பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வி சட்டென்று எழுந்து, வாளியைக் காலால் சிங்க்குக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டார். எனக்குச் சுருக்கென்றது. மேடம் போனதும், ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டேன். "உக்காந்திருக்கிறதப் பாத்தா வேல முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்குவாங்கக்கா, உடனே இன்னொண்ணக் குடுப்பாங்க."

பச்சைக் கோப்பை

வரைபடத்தில், சமையல் மேடைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு உட்காரும் பலகை போட்டேன். வேண்டாதபோது உள்ளே தள்ளிவிடலாம், இடத்தை அடைக்காது. இது யாருக்கு என்று மேடம் கேட்டார். செல்விக்கு என்றேன். சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. "உட்கார்ந்தால் வேலை ஓடாது" என்றார். பலகை இல்லையென்றால் வரைபடமும் இல்லை என்று நான் சுருட்டி வைத்துவிட்டேன். ஒரு பலகைக்காக க்ளையன்ட்டையே விடுவாயா என்று கபில் காரில் தலையில் அடித்துக்கொண்டான். விடுவேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆனால் கபிலும் லேசுப்பட்டவன் இல்லை. மறுநாள் தனியாகப் போய் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறான். ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரில், அதே பலகை, அதே மேடை. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பச்சைக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். மேடம் உடனே எனக்கே போன் செய்தார். "அரே, இதுதானா அது? இப்போ இதுதான் ட்ரெண்டுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

மணி பிளாண்ட்

வேலை முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் போனேன். சமையலறை பளபளவென்றிருந்தது. பலகையை வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். அதன்மேல் பித்தளைத் தொட்டியில் மணி பிளாண்ட். செல்வி வாளியில். இன்னொரு முறை போனபோது செடிக்குப் பதில் மிக்ஸி. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மிக்ஸியிலேயே எதையாவது போட்டு அரைத்திருப்பேன். மேடம் சிரித்துக்கொண்டே என்னைத்தான் சமாதானப்படுத்தினார்: "சும்மா காலியா கிடந்தா நல்லாவா இருக்கு, நீயே சொல்லு?"

ரஃபீக் பாயின் சந்தேகம்

எங்கள் தச்சு மிஸ்திரி ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன். பலகையை மாற்ற வேண்டும், தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் நன்றாகக் குழிந்து முன்பக்கம் சரிந்திருக்க வேண்டும் என்றேன். மனிதர் உட்கார்ந்தால் சுகமாக இருக்க வேண்டும், வேறு எதை வைத்தாலும் சாய வேண்டும். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஹன்ஜி, உங்களுக்கு வேண்டியது ஸ்டூலா, குதிரைச் சேணமா?"

செருப்புச் சத்தம்

என் செலவிலேயே மாற்றித் தருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, புதுப் பலகையை நானே நின்று மாட்ட வைத்தேன். மேடம் வந்து, மணி பிளாண்ட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாய்ந்தது. திருப்பி வைத்தார். மறுபடி சாய்ந்து, மண் புதுத் தரையில் கொட்டியது. "இது ஆள் உட்காரும் பலகை மேடம், வேறு எதுவும் இதில் நிற்காது" என்றேன். அந்த வீட்டு வேலை இனி எனக்கு வராது என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது. பரவாயில்லை. "செல்வி, உக்காருங்க" என்றேன் தமிழில்.

செல்வி மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். செல்வி பூண்டுத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, சமையலறை வாசல் வரைக்கும் வந்து நின்றது. செல்வி எழுந்திருக்கவில்லை. பூண்டை உரித்தபடியே சொன்னார்: "இதுல செடி நிக்காது, மிக்ஸி நிக்காது. இனிமே நானும் நிக்க மாட்டேங்க்கா."

அடுத்த வருஷம் சமையலறைகளில் என்ன ட்ரெண்ட் வரப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இப்போது ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: உட்காருவது.