ஒழுகும் கூரைக்கு ஒரு நற்சான்று

ஓசூரில் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து எடுப்பது என் வேலை. சப்ளையர் நல்ல சரக்கை மேலே அடுக்கி, மட்டமானதைப் பெட்டியின் அடியில் போட்டிருப்பான். அந்த அடியில் கைவிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பல வருஷம் இதையே செய்தால் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை. தக்காளி வண்டி அருகில் நான் போய் நின்றாலே வியாபாரியின் முகம் சுருங்கிவிடுகிறது என்று மனைவி கிண்டல் செய்வாள்.

எங்கள் வீடு ஜூஜுவாடிப் பக்கம். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மாடியில் இருக்கிறோம். மகள் படுக்கும் அறைக்கு மட்டும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போன மழையில் அது விரிசல் விட்டு, சுவரில் ஈரம் ஏறி, மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. மகளுக்கு இழுப்பு வந்தது. ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எனக்கு வேறெதுவும் தெரியாது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல அந்த ரூமைச் சரி பண்ணுங்க" என்றார். அடுத்த பெரிய மழைக்குள் கூரையை மாற்றியாக வேண்டும்.

வந்து பார்த்த கான்ட்ராக்டர்களில் அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் என் மனைவிக்கு உடனே பிடித்துப்போனார். கன்னட வீட்டில் கன்னடம், தெலுங்கு வீட்டில் தெலுங்கு என்று பேசுகிறவர். நாங்கள் தெற்கேயிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் பேச்சை அந்தப் பக்கமாக வளைத்துக்கொண்டார். "ஏலே" என்று மட்டும்தான் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. போனில் அவர் காட்டிய கூரைகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. எல்லாமே வெயிலில் எடுத்த படங்கள்.

"மழையில எடுத்த படம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"படம் எதுக்கு சார்? நான் போட்ட வீடே பக்கத்துலதான் இருக்கு. கூட்டிட்டுப் போறேன். அந்தம்மாகிட்டயே கேளுங்க" என்று விலாசமும் சொன்னார்.

அவர் கூட்டிப்போகும்வரை நான் காத்திருக்கவில்லை. நல்ல மழை பிடித்த ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்ததும் நனைந்துகொண்டே தனியாகப் போனேன்.

கதவைத் திறந்த பெண் வாசலை மறித்தாற்போல் நின்றாள். கூரை போட்டவரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தாள். "சூப்பரா போட்டுக் குடுத்தாருண்ணா. ஒரு சொட்டு ஒழுகலை. நம்பிக் குடுக்கலாம்."

நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அது என்னங்க சத்தம்?"

"குழாய்ண்ணா."

"நடு வீட்டுலயா குழாய்?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஒதுங்கி வழிவிட்டாள். கட்டிலை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டு, படுத்த படுக்கையான அவள் மாமியாரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் குண்டானும் பக்கெட்டும்.

"போன் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன்ணா. இந்தப் பக்கம் அடுத்த ஆர்டர் வரட்டும், அப்படியே உங்களுதையும் அடைச்சுக் குடுக்கறேங்கறாரு. பாக்க வர்றவங்ககிட்ட நல்லபடியா சொல்லும்மா, சீக்கிரம் ஆர்டர் வரும்ங்கறாரு. நான் வேற என்ன பண்ணட்டும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டாருண்ணா."

மறுநாள் அவரே கூப்பிட்டார். "அந்த வீட்டைப் பாக்க எப்ப போலாம் சார்?"

நான் போய்வந்ததைச் சொல்லவில்லை. "மழை பேயற அன்னைக்குப் போலாங்க. உள்ள உக்காந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடறேன்" என்றேன். "சரிங்க சார், மழை வரட்டும்" என்று போனை வைத்தார்.

அடுத்த மழைக்கு அவரும் நானும் போனோம். வீட்டுக்குள் ஈரமே இல்லை. ஷீட்டில் ஸ்க்ரூ எல்லாம் புதிது. அந்தப் பெண் என்னை முதன்முதலாகப் பார்ப்பவளைப் போல வரவேற்று, காபி கொடுத்து, "சூப்பரா போட்டுக் குடுத்தாருண்ணா. ஒரு சொட்டு ஒழுகலை" என்றாள். அதே வார்த்தை, அதே சிரிப்பு. அன்றைக்குப் பொய், இன்றைக்கு நிஜம். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவரோ புது மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்திருந்தார்.

போன் வந்து அவர் வெளியே எழுந்துபோனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, ஆர்டர் குடுத்துடாதீங்க. குடுத்துட்டா, மறுபடி ஒழுகினாலும் எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. இந்த மழைக்காலம் முடியறவரைக்கும் இழுத்துப் பிடிங்க."

"என் பொண்ணுக்கு இழுப்பு வருதும்மா. எனக்கு உடனே கூரை வேணும்."

"அப்ப வேற ஆளை வெச்சுப் போட்டுக்குங்க. இவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அப்படித்தான் செய்தேன். காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் போட்ட வேறு வீடு எதையும் பார்க்காமல், மழையில் அவருடைய சொந்த வீட்டுக்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைக் கொடுத்தேன். மகள் இப்போது இழுப்பில்லாமல் தூங்குகிறாள்.

அத்திப்பள்ளிக்காரர் வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

புதுக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, "யோசிச்சுட்டே இருக்கேங்க. எதுக்கும் அந்தம்மா வீட்டை இன்னொரு மழையில பாத்துடலாம்" என்பேன்.