புறப்படுகிறவனைக் கேட்காத வரி

ஒஸ்லோவில் பக்கத்து வீட்டு அம்மையார் காலையில் என்னைக் கண்டதும் ‘வூர் ஸ்கால் டூ?’ என்பார். எங்கே போகிறாய் என்பதுதான். பனிக்குள் பூத்த சிரிப்பு. குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கராயன் கிராமத்தில் பிறந்தவனிடம், சப்பாத்து மாட்டிய பிறகு, இதையா கேட்பது? நான் உள்ளே திரும்பி, கதிரையில் சற்று இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவேன். அதற்குள் ட்ராம் போய்விடும். எனக்கு மறதி என்று முடிவுகட்டிய அம்மையார், ‘சாவி, தொப்பி, கையுறை’ என்று எழுதி என் கதவில் ஒட்டிவிட்டார்.

எங்கள் வாய்க்கால் தெருவில் புறப்படுகிறவரிடம் “தூரமோ?” என்பதோடு சரி. “ஓம், கொஞ்சத் தூரம்” என்று சைக்கிள் போய்விடும். திரும்பி வரும்போதுதான் வேலிக்கு வேலி “எங்கை போட்டு வாறியள்?” வவுனியாவில் மழையா, பஸ்ஸில் யார் யார், எல்லாம் அப்போது கொட்டும்.

என் வேலை, கணினியின் அடிமடியான கேர்னலில். அங்கே கேஷ் என்றொரு பகுதி, அடிக்கடி தேவைப்படும் தரவை மெதுவான வட்டுக்குப் போகாமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும். அது சிலவேளை அப்படியே உறைந்துபோனது. ஏனென்று அறிய, அதிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது ஒரு வேலையைச் செய்து திரும்பும் நிரல்துண்டும், தன் நடமாட்டத்தை ஒரு வரியாக எழுதும்படி செய்யவேண்டும். பிழை பிடிபட்டால்தான் லீவு. ஊரில் அக்காவின் புதுவீட்டுக் குடிபூரலோ வெள்ளிக்கிழமை.

“டேய், பால் காய்ச்சேக்க நிப்பியோ, இல்லாட்டி உன்ர படத்தைக் கதிரையில வைக்கட்டோ?” என்றாள் அக்கா தொலைபேசியில்.

“வாறன் அக்கா. இஞ்ச ஒண்டு இறுகிப் போய் நிக்குது.”

“பழஞ்சீலை மாதிரிக் கிழிச்சுப்போட்டு வா!”

வரிகளைச் சேர்த்து, இரண்டு நாள் பதிவைப் பார்த்தேன். பதிவிலிருந்த ஃபங்ஷன் எல்லாம் நல்லபிள்ளையாகத் திரும்பியிருந்தது. குற்றவாளியே இல்லை. என் மேலாளர் இங்கிரிட் எட்டிப் பார்த்தாள்.

“திரும்புவதை மட்டும் எழுதியிருக்கிறாயே. உள்ளே போவது எங்கே?”

“போகும்போது கேட்கக்கூடாது.”

“யாரை?”

“ஃபங்ஷனை...” என்றபோதே எனக்குக் காது சூடேறியது. திரும்பி வராததைத் தேடுகிறவன், வந்தவர்களை மட்டும் விசாரித்திருக்கிறேன்! இங்கிரிட் சிரித்த சிரிப்பில் அவள் கோப்பி மேசையில் சிந்தியது.

ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வரி சேர்த்தேன். மதியமே அகப்பட்டது: உள்ளே போன ஒன்று, தான் பூட்டிய பூட்டை வேறு யாரோ திறப்பார்கள் என்று தானே காத்து நின்றது. திருத்தினேன். புதன்கிழமை விமானம்.

வெள்ளி காலை பால் பொங்கியது. அக்காவின் கண்ணிலும்தான், புகை என்றாள். புதுச் சீமெந்துத் தரையில் மடிக்கணினியைத் திறந்தேன், ஒஸ்லோ இயந்திரம் ஓடுகிறதா பார்க்க.

“என்னடா இது, எறும்பு மாதிரி?”

“உள்ள போறதும் வெளிய வாறதும் அக்கா. ஒண்டையும் விடாது.”

“அப்ப உன்னை என்னெண்டு எழுதும்?”

சிரித்தேன். வந்தான் என்று இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி. ஒரேயடியாகப் போனான் என்று இரண்டிடத்திலும் இன்னும் எழுதப்படவில்லை. திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, பால்சோறு ஆறிக்கொண்டிருந்தது.