என் தங்கச்சி மேல் நான் போட்ட பழி

என் தங்கச்சி போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகிறது. திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் புந்தோங் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. பிழை இருந்தால் மகள் திருத்தட்டும், நான் சொன்னதை மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவர்கள் ‘அம்மையார்’ என்றும் ‘அவர்கள்’ என்றும் எழுதுவார்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்கு ‘அவள்’ என்றுதான் வரும்.

சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் பிறந்தாள். சப்பான்காரன் காலம். சயாம் ரயில் ரோட்டுக்குப் பிடித்துக்கொண்டு போன அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவும் அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. நான் பால்மரம் வெட்டப் போகும்போது அவளையும் கூட்டிப் போவேன். மரத்தடியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்துவிட்டு என் நிரையில் இருக்கும் மரங்களை வெட்டுவேன். கொசுக்கடியிலேயே வளர்ந்தாள்.

படிப்பு அவளுக்கு நன்றாக வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், புண்ணுக்குக் கட்டுப் போடவும் பழகிக்கொண்டாள். “நான் மிஸ்ஸியா ஆகணும்க்கா” என்றாள் ஒருநாள். தோட்டத்தில் நர்ஸை மிஸ்ஸி என்போம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மாமியார், “மரம் வெட்டுறவ தங்கச்சிக்கு வெள்ளைச் சட்டை கேக்குதா?” என்று சிரித்தார். நான் விடவில்லை. இன்னும் ஒரு நிரை கூடவே வெட்டினேன். அவள் ஈப்போவில் படித்து, வெள்ளைச் சட்டையோடு லயத்து வீட்டுக்கு வந்த அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெருமையை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி எழுதப் போவதற்காகத்தான் நான் பேனா பிடித்தேன்.

எழுபதாம் வருஷத்துக்கு அப்புறம், என் மகனுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. தவமிருந்து பெற்ற பிள்ளை. வாசலில் வேப்பிலை சொருகினோம். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, மருந்து தொடக் கூடாது. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று தண்ணீர் ஊற்றினால் தானாக இறங்கிப் போவாள். அப்படித்தான் எல்லோர் வீட்டிலும் செய்தோம். என் மகனுக்கு இரண்டாவது தண்ணீர் ஊற்றியும் காய்ச்சல் விடவில்லை.

அன்று என் வீட்டுக்காரர் பூசாரியை அழைத்துவரப் போயிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். லயத்து ஆட்கள் எல்லாம் வேலைக்காட்டில். தங்கச்சி ராத்திரி வேலை முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்தே அவன் மூச்சைக் கேட்டாள்.

“அக்கா, அவன் விலாவைப் பாரு, எப்படி உள்ள வாங்குது! நெஞ்சுல சளி எறங்கிருச்சு. தூக்குக்கா, போலாம்.”

“மூணாம் தண்ணி ஊத்தாம எங்கயும் தூக்க மாட்டேன்.”

“ஆத்தா ஊசியில வரமாட்டாளா? வேப்பிலையில மட்டுந்தான் வருவாளா?”

“வாயக் கழுவுடி! பொணத்தத் தொட்ட கையோட ஆத்தா வாசல்ல நிக்காத.”

அவள் என் காலைப் பிடிக்கக் குனிந்தாள். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஆபீஸ் கிராணியிடம் ஓடி, கெஞ்சி, லோரியை வெளியே ரோட்டுச் சடக்குக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மறுபடி ஓடி வந்தாள். அதற்குள் நான் கதவைத் தாழ் போட்டிருந்தேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் பால் நிறுக்கும் நேரத்துக்கு முன்னால் என் மகன் அடங்கிவிட்டான்.

மாமியார் வந்து மாரில் அடித்துக்கொண்டு கேட்டார்: “யாருடி வந்தது? யாரு காலடி பட்டுச்சு?”

நான் சொன்னேன்: “தங்கச்சி உள்ள வந்து புள்ளயத் தொட்டுட்டா. நான் சொல்லியும் கேக்கல.”

அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்தது. என்னையே பார்த்தாள்.

அவள் உள்ளே வரவே இல்லை. பிள்ளையைத் தொடவும் இல்லை. தொட விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்னவோ.

அந்த ஒரு சொல் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. தெலுக் இந்தானிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் அதோடு நின்றுபோனார்கள். அவள் கடைசிவரை கல்யாணம் கட்டவில்லை. என் நாத்தனார் மகள் சடங்குக்கு, அழைக்காமலே தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். “ஆத்தாவ வெரட்டுன மிஸ்ஸி வருது. தட்ட அங்கயே வெச்சுட்டுப் போச் சொல்லு லா” என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய் பஸ்ஸுக்கு நின்றாள்.

மகன் போகும்போது வயிற்றில் இருந்தவள் என் மகள். அவளுக்கு நாலு வயதில் அம்மை போட்டது. அதே மாதிரி விலா உள்ளே வாங்கியது. இந்தத் தடவை யாரையும் கேட்காமல் கிராணி ஆபீசுக்கு ஓடிப் போன் பண்ணச் சொன்னேன். தங்கச்சி வந்தாள். நேரே பைப்படிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, உள்ள வரலாமா?” என்று கேட்டாள்.

அதைக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். நான் கொண்டுபோன வேப்பிலையை அவளே தலையணைக்கு அடியில் வைத்தாள். கூட வேலை செய்த மலாய் மிஸ்ஸி, இது எதற்கு என்று கேட்டார். “பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு. இது அவ அம்மாவுக்கு மருந்து” என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். பல வருஷம் கழித்து அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். மகள் பிழைத்தாள்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “மிஸ்ஸி பரிகாரம் பண்ணிட்டா” என்று ஊரார் பேசியதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

தோட்டம் துண்டு போட்டு விற்றுப்போன பிறகு நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். மாமியாரும் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்கள். தங்கச்சிக்கு மார்பில் புற்று வந்தது. எத்தனையோ பேருக்குப் பார்த்தவள், தனக்கு வந்ததை முற்றும்வரை சொல்லவில்லை. கடைசி ஏழு மாதம் என் வீட்டில் இருந்தாள். குளிப்பாட்டினேன், ஊட்டினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றச் சொல்லி, படுத்தபடியே ஆத்தாவைக் கும்பிடுவாள்.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். “ஏண்டி, அன்னைக்கே நான் சொன்னது பொய்யின்னு நீ ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அத்தான் உன்னை அந்த லயத்துல வெச்சிருப்பாராக்கா? வயித்துல வேற புள்ள இருந்துச்சு.”

“உனக்குக் கல்யாணம் நின்னுச்சே.”

“எனக்குப் போக ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ் இருந்துச்சு. நீ எங்க போயிருப்ப?”

“இப்பச் சொல்லட்டுமா, எல்லாருக்கும்?”

“இப்ப அத்தான் இல்ல. உன் இஷ்டம்க்கா. கஞ்சி ஆறுது” என்றாள்.

நான் அப்போதும் சொல்லவில்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். சாவுக்கு நம் சொந்தத்தில் பாதிப்பேர் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்ட ஆஸ்பத்திரி மிஸ்ஸிகளுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சாவு எடுத்ததிலிருந்து கருமாதிவரை கூட நின்ற கோயில் கமிட்டியாருக்கும் என் நன்றி. வராதவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் சொன்னதை நம்பித்தான் வராமல் இருந்தீர்கள்.

இந்த மலரை அவர்கள் வீட்டுக்கும் கொடுத்து அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் வீட்டு வாசலை மிதிக்க இனி யாருக்காவது மனமில்லை என்றால், அது என் பாடு, நான் தாங்கிக்கொள்வேன். என் மகன் சாவுக்கு என் தங்கச்சி காரணம் இல்லை. கதவைத் தாழ் போட்டது நான்.