அண்ணன் பெயருக்கு நேரே ஒரு வட்டம்

அட்டையில் செருகிய ஒற்றைத் தாள் அது. எங்கள் விடுதியில் இருந்த இருபத்தாறு பேரின் பெயர்களும் அதில் ஜப்பானிய எழுத்தில் வரிசையாக இருக்கும். நம் ஊரில் டிக் போடுகிற இடத்தில் அங்கே சின்னதாக ஒரு வட்டம் போடுவார்கள். ஆள் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். நிலம் அதிர்ந்த அந்த மதியத்தில், கார் நிறுத்துமிடத்தில் நின்று நான் அந்தத் தாளைப் பார்த்தபோது இருபத்தாறு பெயர்களுக்கும் வட்டம் இருந்தது. இலுப்பூர் அண்ணன் பெயருக்கு நேரேயும் இருந்தது. அண்ணன் அப்போது மாடியில் இருந்தார். அந்த வட்டத்துக்குக் காரணம் நான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவர் எனக்கு உறவு இல்லை. எனக்கு அறந்தாங்கி, அவருக்கு இலுப்பூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போய் இறங்கினோம். ஒரே அறை கொடுத்தார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்துநான்கு. அவர் ஏற்கெனவே குவைத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருந்ததில் தூக்கமே போய்விட்டது என்பார். “இங்க ரூமுக்கு ரெண்டே பேரு தம்பி. வாழ்க்கையில இப்பத்தான் நான் ஒழுங்காத் தூங்குறேன்” என்று முதல் வாரமே சொன்னார். வீடியோவில் அண்ணியைக் கூப்பிடுவதற்கு முன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொள்வார். நான் கிண்டல் செய்தால், “ஒனக்குக் கலியாணம் ஆகட்டும், அப்பறம் பேசுவோம்” என்று வாயை அடைத்துவிடுவார். அவர் சமையலில் உப்பு எப்போதும் ஒரு பிடி கூடுதலாகத்தான் இருக்கும். அதைச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

புதுக்கோட்டைக்காரனுக்கு நிலம் ஆடும் என்பது பாடப்புத்தகத்தில் படித்த சங்கதி. எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் செம்புராங்கல்லில் கடப்பாரை முனை மழுங்கிப்போகும். அது அசையும் என்று எவனாவது சொன்னால் சிரிப்போம். ஜப்பான் போன ஒன்பதாம் நாள் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கல் தானாக நகர்ந்தது. சன்னல் கண்ணாடி கடகடத்தது. ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் கரண்டியோடு நான் படியிறங்கித் தெருவுக்கு ஓடிவிட்டேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னையும் கரண்டியையும் பார்த்துத் தலையைக் குனிந்து வணக்கம் வைத்தார். மேலே வந்தால் அண்ணன் கருகிய தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்புறம் பழகிவிட்டது. அந்த நாட்டில் நிலம் அசையாத நாளே இல்லை என்று சொல்லலாம். வடக்கே ஒரு இடம், தெற்கே ஒரு இடம், கடலுக்கு அடியில் ஒரு இடம் என்று எங்காவது ஏதாவது ஆடிக்கொண்டிருக்கும். பெரும்பாலானவை மனிதருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் இருந்த ஊரில் மாதம் இரண்டு மூன்று தடவை உணர்வோம். தொலைக்காட்சியில் உடனே எண்கள் வரும். அதில் இரண்டு வகை உண்டு என்பதை அண்ணன்தான் முதலில் கண்டுகொண்டார். ஒன்று, பூமிக்குள் நடந்த அதிர்வு மொத்தத்தில் எவ்வளவு பெரியது என்பது. அது ஒரே எண். மற்றது, அவரவர் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. அது பூஜ்யத்திலிருந்து ஏழு வரை, ஊருக்கு ஊர் மாறும். “மொத நம்பர் அதுக்கு, ரெண்டாவது நம்பர் நமக்கு” என்பார். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் முதல் எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். அண்ணி மட்டும் விவரமாக, “உங்க எடத்துல எத்தனை?” என்று கேட்பார். அண்ணியின் போனில் அதற்கென்று ஒரு செயலியை ஏற்றிக்கொள்ள அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். இலுப்பூரில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது அது கூவும், அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாராம்.

எங்கள் இடத்தில் மூன்று என்று வந்துவிட்டால் விடுதியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கீழே இறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அந்த அட்டையோடு வருவார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தாளைப் பார்த்தபடியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நாங்கள் “ஹை” என்போம். உள்ளேன் ஐயா என்பதற்கு அவ்வளவுதான் அங்கே. வட்டம் போடுவார், அடுத்த பெயருக்குப் போவார்.

முதல் வருடக் கடைசியில் ஒரு வாரம் அதிர்வு வரிசையாக வந்தது. எங்கள் விடுதியில் எல்லாருக்குமே இரவு ஷிப்ட். விடிந்து வந்து சாப்பிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் மாலை நாலு மணிவரை தூக்கம். அந்த வாரத்தில் நாலு பகல் எழுந்து கீழே போய் நின்றோம். ஐந்தாவது தடவை நான் அண்ணனை உலுக்கினேன். கண்ணைத் திறக்காமலே, “நீ போ தம்பி. பேர் கூப்பிட்டா எனக்கும் சேத்துச் சொல்லிரு” என்றார். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் வராதவர்களுக்கு ப்ராக்ஸி கொடுத்தே வளர்ந்தவன் நான். நாலு பேருக்கு நாலு குரலில் கொடுப்பேன். பின்வரிசையில் நின்று, என் பெயருக்கு ஒரு குரலிலும் அண்ணன் பெயருக்குக் கொஞ்சம் கனத்த குரலிலும் “ஹை” என்றேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நேபாளத்துப் பையன் சிரித்தான். அதற்கப்புறம் அண்ணனை நான் உலுக்குவதே இல்லை. அவர் இறங்குவதும் இல்லை.

இன்னொன்றும் செய்தோம். அறையில் இருந்த இரும்பு அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஒரு பட்டை போட்டு முடுக்கியிருந்தார்கள். பகல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது என்று அண்ணன் அந்தப் பட்டையைக் கழற்ற, நான் ஒரு பக்கம் பிடிக்க, அலமாரியைச் சன்னலுக்கு நேரே நகர்த்தினோம். அறை நல்ல இருட்டாகிவிட்டது. அதன் மேல் அரிசி மூட்டையும் குக்கரும் இருந்தன. அலமாரியை ஒட்டித் தரையில் அண்ணன் பாய் மெத்தையை விரித்துப் படுத்தார். அத்தனை மாதமும் வந்ததெல்லாம் மூன்று, மூன்று, ஒரே ஒரு தடவை நாலு. எண்ணிக்கை கூடக்கூட எங்களுக்குப் பயம் குறைந்துகொண்டே வந்தது. அடிக்கடி வருவது வேறு, பலமாக வருவது வேறு என்பது தெரியாமல் இல்லை. ஆனால் வரப்போவது எது என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? உடம்பு மூன்றுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு வந்தது ஆறு. மதியம் ஒரு மணி இருக்கும். எனக்குத் தூக்கம் வராமல், கீழே பொது இடத்தில் இருந்த துணி துவைக்கும் எந்திரத்துக்குப் போயிருந்தேன். அடியிலிருந்து யாரோ தூக்கிப் போட்டதுபோல ஒரு குதி. பிறகு பக்கவாட்டில் ஆட்டியது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து எந்திரத்தைப் பிடித்தேன், அது என்னையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. ஆட்டம் நின்றதும் எல்லாரும் கத்திக்கொண்டு வெளியே ஓடினோம். கூரை ஓடுகள் தெருவில் சிதறிக் கிடந்தன. பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களும் எங்கள் இடத்துக்கே வந்துவிட, நூறு பேருக்கு மேல் கூட்டம். சூப்பர்வைசர் அட்டையோடு ஓடிவந்தார். பெயர்களைக் கூப்பிட்டார். என் பெயர் வந்தது, சொன்னேன். அண்ணன் பெயர் வந்தது. என் வாய் தானாக “ஹை” என்றது.

இவ்வளவு பெரிதாக ஆடியதற்கு அண்ணன் இறங்கிவராமல் இருப்பாரா, கூட்டத்தில் எங்காவது நிற்பார், இரண்டு குரலாகக் கேட்டிருக்குமே, சூப்பர்வைசர் திட்டுவாரே என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நிமிடம் கூட்டத்துக்குள் தேடினேன். அது உண்மை. ஆனால் அதற்கப்புறம் போன அரை மணி நேரம் தேடிய நேரம் இல்லை. அண்ணன் இங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்குச் சரியாக இருப்பதால் கட்டிடத்துக்குள் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். விடாமல் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் செய்ததும் தெரியும், வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அண்ணன் ஒன்றும் ஆகாமல் தானே வந்துவிடுவார் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கோழை. அதற்கு வேறு சொல் கிடையாது.

அப்போது என் போன் அடித்தது. அண்ணி. “ஆறுன்னு காட்டுதே தம்பி. அவரு போன எடுக்கல. பேரு கூப்புட்டாச்சா?” என்றார். “கூப்புட்டாச்சு அண்ணி” என்றேன். போனை வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போய், தாளில் அண்ணன் பெயரைத் தொட்டு, தெரிந்த ஜப்பானிய மொழியில், இவர் மேலே, நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டி மாடிக்கு ஓடினார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன். அலமாரி அண்ணன் நெஞ்சின்மேல் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கினோம். உடம்பு சூடாக இருந்தது. உயிர் இல்லை. எவ்வளவு நேரம் உயிர் இருந்தது என்று மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அறிக்கையில், நேரில் முகம் பார்த்து உறுதி செய்யாதது தன் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எழுதவில்லை. நான் அங்கே இருந்த மிச்ச மாதங்களில், ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று முகத்தைப் பார்த்த பிறகுதான் வட்டம் போட்டார்.

அண்ணனை நான்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். இலுப்பூரில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரைக்கும் கூட இருந்தியே தம்பி என்று அழுதார்கள். நானும் அழுதேன். ஒப்பந்தம் முடிந்து அறந்தாங்கியில் பேட்டரிக் கடை வைத்த பிறகும் வருடத்துக்கு நாலைந்து முறை இலுப்பூர் போவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறுவேன். அண்ணி காப்பி கொடுப்பார். ஏதோ கேட்கப்போவதுபோல என் முகத்தையே பார்ப்பார், அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் அண்ணி கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் இறந்தபோது ஒன்பதாம் வகுப்புப் படித்த மகள் இப்போது நர்சிங் முடித்து, ஜப்பானில் முதியோர் இல்லத்து வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். அண்ணி தடுக்கவில்லை. “அங்கிட்டு நெலம் ஆடுனா என்ன பண்ணணும், எங்கிட்டு ஓடணும்னு இவளுக்கு ஒருவாட்டி சொல்லிருங்க தம்பி. நீங்க இருந்து பாத்தவங்க” என்றார். மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். தலைமாட்டில் செருப்பு இருக்க வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், லிப்டில் ஏறக்கூடாது, அலமாரிப் பட்டையைக் கழற்றவே கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “கீழ எறங்குனதும் பேர் கூப்பிடுவாங்க” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அரை மணி நேரத்தையும் சொன்னேன்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “எனக்குத் தெரியும் தம்பி” என்றார் அண்ணி. “‘தம்பி எனக்கும் சேத்துச் சொல்லிருவான், நான் எறங்குறதே இல்ல’ன்னு அவரு அப்பவே சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நாந்தான், அப்பன்னா நல்லாத் தூங்குங்க, ஏறி எறங்கி ஒடம்பக் கெடுத்துக்காதீங்கன்னேன். அன்னைக்கு நீங்க கூப்புட்டாச்சுன்னதும் எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு. அவரு நிக்கிறாரா, கண்ணால பாத்தீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம வச்சுட்டேன். நீங்க வாரப்பல்லாம், ஏன் கேக்காம வச்சீங்கன்னு எங்கிட்டக் கேக்கத்தான் வாரீங்கன்னு நெனச்சுப்பேன்.”

இத்தனை வருடமும் ஒரே காப்பியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பயந்திருக்கிறோம். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்ப அப்பாவ யாருமே எழுப்பலையா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கையை நீட்டி மகளின் தலையைத் தொட்டார்.

“இல்லத்தா” என்றார். “தூங்கட்டும்னு விட்டுட்டோம்.”